முற்றத்துப் புல்லும் உளூ நீரும்



காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் வாழும் உறவினர்களிடம் வீட்டு முற்றத்தில் புல் வளர்ப்பதைப் பற்றிக் கேட்டால், அவர்கள் முதலில் உப்பைப் பற்றியே பேசுவார்கள். காற்றில் உப்பு, கிணற்று நீரில் உப்பு, மண்ணிலும் உப்பு. கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய செய்தி. ஆனால் எங்கள் ஆம்பூர் சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் உள்ளே, மலைகளுக்கு நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது. கடற்காற்று இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இருந்தும் எங்கள் முற்றத்துப் புல்லுக்கு வரும் நோயும் அவர்களுடைய புல்லுக்கு வரும் நோயும் ஒன்றே. நுனி கருகும்; திட்டுத் திட்டாக மஞ்சள் படரும்; வெயில் நாளில் மண்ணின்மேல் வெள்ளைப் பொடி பூக்கும்.

கடல் எங்கள் ஊருக்குச் சாக்கு மூட்டைகளில் வந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் பகுதியில் புல் வளர்க்கும் முறையைச் சொல்ல இயலாது.

உப்பு வந்த வழி

ஆடு மாடுகளின் பச்சைத்தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதனால் உரித்தவுடன் உப்பைத் தடவி அடுக்குவார்கள். தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை உப்பு இடுவது வழக்கம். அந்தத் தோல் பதனிடும் ஆலைக்கு வந்ததும் முதல் வேலை, தொட்டியில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி நீக்குவது. உப்பளத்தில் கடல்நீர் காய்ந்து உண்டான உப்பு, தோலோடு பயணம் செய்து, எங்கள் ஊர்த் தொட்டியில் மீண்டும் நீரில் கரைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் அக்கம்பக்கத்தையும் ஒட்டி வளர்ந்த ஆலைகளின் கழிவுநீர், பல்லாண்டு காலம் போதிய சுத்திகரிப்பின்றி நிலத்திலும் ஓடைகளிலும் ஆற்றிலும் விடப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி பாலாறு மணலாகவே கிடக்கும். மேலே நீர் இல்லாவிட்டாலும் மணலுக்கடியில் ஊற்று ஓடும். மேலே விட்ட உப்பு அந்த ஊற்றில் இறங்கியது. ஊற்றிலிருந்து கிணறுகளுக்குப் பரவியது.

முற்காலத்தில் இங்கே பெரும்பாலும் ஆவாரம் பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். 1972இல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முடித்த தோலையும் தோல் பொருட்களையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன்பின் குரோம் முறையும் வேதிப்பொருட்களின் பயன்பாடும் பெருகின. வேலைவாய்ப்பும் வளமும் பெருகின. அவற்றோடு கழிவும் பெருகியது.

1991இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்சநீதிமன்றத்தை அணுகியது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஆலைகள் சூழ்ந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதிசெய்தது. இன்று நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்த வழக்கு எங்கள் வீட்டுக் கிணற்றின் வரலாறும்தான்.

இதைச் சொல்லும்போது எங்கள் குரல் உயரவில்லை, உயரவும் கூடாது. எங்கள் பாட்டனாரும் தந்தையாரும் இந்தத் தொழிலில் உழைத்தவர்கள். எங்கள் உணவும் கல்வியும் இதிலிருந்து வந்தவை. இந்தப் பகுதியின் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் தோல் வணிகர்களின் கொடையால் எழுந்தவை. மத வேறுபாடின்றிப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு, குறிப்பாகக் காலணி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு, இத்தொழிலே சோறு போடுகிறது. உண்ட சோற்றை இகழ்வது நன்றியன்று. அந்தச் சோற்றோடு சேர்ந்து வந்த உப்பை இல்லையென்று மறைப்பது நேர்மையன்று. இரண்டையும் ஒருசேர நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் முற்றத்தில் நிற்கிறோம்.

புல் சொல்லும் கணக்கு

குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். அந்த நீரில் ஒரு சொட்டையும் புல்லுக்கு விடுவதில்லை. மற்றத் தேவைகளுக்கெல்லாம் ஆழ்துளைக் கிணற்று நீரே. அதில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டிடிஎஸ் அளவு கோடையில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமை ஒட்டி நிற்கிறது. குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு 500 என்றும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் கூறுகிறது.

2,000 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 2 கிராம். சிறிய அளவாகத் தோன்றும். கணக்கிட்டால்தான் அதன் கனம் தெரியும். கடுங்கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் வேண்டும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். எங்கள் தந்தையார் காலத்தில் போட்ட புல்தரை 400 சதுர அடி, ஏறத்தாழ 37 சதுர மீட்டர். அதற்கு நாளொன்றுக்கு 185 லிட்டர் நீர். அந்த நீரோடு 370 கிராம் உப்பு. மழையில்லாத 100 நாட்களில் 37 கிலோ. நீரை வெயிலும் புல்லும் எடுத்துக்கொள்கின்றன; உப்பை எடுத்துச்செல்ல ஒருவரும் இல்லை. அது வேரடியிலேயே தங்குகிறது.

மண்ணில் உப்பு மிகும்போது இரண்டு கேடுகள் விளைகின்றன. முதலாவது, நீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. ஈரமண்ணில் நின்றபடியே புல் தாகத்தால் வாடுகிறது. இதைப் பார்த்துவிட்டு இன்னும் நீர் ஊற்றினால் இன்னும் உப்புதான் சேரும். இரண்டாவது, உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைக்கிறது. மண் பொலபொலப்பை இழந்து இறுகிவிடும். நீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். எங்கள் முற்றத்தில் இவ்விரண்டும் நேர்ந்தன.

ஒரு கோடையில் புல்தரையின் பெரும்பகுதி பழுத்துவிட்டபோது, குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து கலந்து பேசினோம். மூன்று யோசனைகள் எழுந்தன. டேங்கர் லாரியில் நல்ல நீர் வாங்கி ஊற்றலாம் என்றார் ஒருவர். பிளாஸ்டிக் புல் விரித்துவிடலாம் என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு சிமென்ட் கல் பதித்தால் ஒரேயடியாகத் தொல்லை தீரும் என்றனர் பிள்ளைகள்.

டேங்கர் நீர் எங்கிருந்து வருகிறது? ஏதோ ஒரு கிராமத்தின் நல்ல கிணற்றிலிருந்து. உப்பு எட்டாத கிணறுகள் இப்பகுதியில் அரிதாகிவிட்ட நிலையில், அந்த நீரைப் பணம் கொடுத்து வாங்கி நம் வீட்டு அழகுக்கு ஊற்றுவது எப்படிச் சரியாகும்? நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. புல்லையும் நீரையும் அருகருகே வைத்துப் பேசும் அந்தக் கருத்து எங்களை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. அங்கே புல் என்பது கால்நடைகள் மேயும் பொதுப் புல். நம் முற்றத்து அலங்காரப் புல்லன்று. அப்படியானால், உண்ணும் புல்லுக்கும் குடிக்கும் வாய்க்கும் உரிய நீரை அலங்காரப் புல்லுக்குத் திருப்புவதற்கு நாம் இன்னும் அதிகமாகவே அஞ்ச வேண்டும்.

பிளாஸ்டிக் புல் வெயிலில் கொதிக்கும். பிள்ளைகள் வெறுங்காலுடன் நிற்க முடியாது. சிமென்ட் கல் மழைநீரை மண்ணுக்குள் விடாது. கிணற்று உப்பைக் கழுவக்கூடியது மழை ஒன்றே என்றிருக்கும்போது, அந்த மழைக்குக் கதவடைப்பது எப்படித் தகும்?

இறுதியில் எங்கள் தாயார்தான் வழி காட்டினார். தந்தையார் உயிரோடு இருந்த காலத்தில் அஸர் தொழுகைக்குப் பின் வேம்பின் நிழலில் அந்தப் புல்லில்தான் அமர்வார். வேலை தேடி வருபவர்களும் அங்கேதான் அவருடன் அமர்ந்து பேசுவார்கள். அதை நினைத்துத் தாயார் சொன்னார்: “அத்தா உட்கார்ந்த இடம் மட்டும் பச்சையா இருந்தாப் போதும். மத்ததை நிலத்துக்கே விட்டுடுங்க.”

நீர் தீர்மானித்த அளவு

அத்தா அமர்ந்த இடம் எவ்வளவு பெரியது என்று யாரும் அளந்ததில்லை. எனவே நாங்கள் வேறொன்றை அளந்தோம். எங்கள் வீட்டில் ஆறு பேர். நாளைக்கு ஐந்து வேளை உளூ. குழாயைத் திறந்து வைத்தபடியே உளூ செய்தால் எவ்வளவு நீர் செலவாகிறது என்று கீழே வாளி வைத்துப் பார்த்தோம். நான்கு லிட்டர், சிலருக்கு ஐந்து லிட்டர். நபி (ஸல்) அவர்கள் இரு கைகளையும் சேர்த்து ஒருமுறை அள்ளும் அளவை ஒட்டிய நீரில் உளூவை முடித்துக்கொண்டார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. அந்த அளவுக்கு நம்மால் உடனே இறங்க முடியாவிட்டாலும் அதை நோக்கி நடக்கலாம் அல்லவா? குழாயைச் சிறிதாகத் திறப்பது, தலைக்கு மஸஹு செய்யும்போது மூடிவிடுவது, சிறு குவளையைப் பயன்படுத்துவது என்று பழகினோம். ஆளுக்கு இரண்டு லிட்டருக்கு வந்து நின்றது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. புல்லுக்குப் போகத்தானே போகிறது என்று உளூவில் நீரைத் தாராளமாக விட்டால், வீண்விரயத்துக்குப் புல்லைச் சாக்காக்கியவர்கள் ஆவோம். ஆகவே முதலில் உளூவைச் சுன்னத்தின் பக்கம் கொண்டுசென்று, அதன்பின் மிஞ்சுவது எவ்வளவோ அதற்கு ஏற்பப் புல்லை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். ஆறு பேர், ஐந்து வேளை, இரண்டு லிட்டர்: நாளொன்றுக்கு 60 லிட்டர். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால் 12 சதுர மீட்டர். ஏறத்தாழ 130 சதுர அடி. எங்கள் புல்தரையின் அளவு இப்படித்தான் தீர்மானமாயிற்று.

உளூ செய்து வழிந்த நீரைக் கொண்டு மீண்டும் உளூ செய்ய முடியாது. ஆயினும் அது அசுத்தமான நீரன்று என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் தீர்ப்பு. ஆதலால் செடிகொடிகளுக்கு அதை விடுவதில் தடையேதும் இல்லை. உளூ செய்யும் குழாயடியிலிருந்து தனிக் குழாய் பதித்துப் புல்தரையின் மேட்டுப் பக்கத்தில் விட்டிருக்கிறோம். சோப்பு நுரை கலந்த நீரும் கழிவறை நீரும் அதில் சேராதபடி பிரித்திருக்கிறோம்.

ஆனால் இந்த நீரும் அதே கிணற்று நீர்தான். அதே உப்பு இதிலும் உண்டு. பரப்பு குறைந்ததால் மட்டும் ஒரு சதுர மீட்டருக்குச் சேரும் உப்பு குறைந்துவிடாது. சிறிய புல்தரையின் உண்மையான நன்மை மழைக்காலத்தில்தான் தெரியும். எங்கள் மாடி 1,000 சதுர அடி, ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதன்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். சிதறலும் முதற்கழுவலும் போக 740 லிட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 37 சதுர மீட்டரில் பரப்பினால் 20 மில்லிமீட்டர்தான் வரும். மேல்மண்ணை நனைப்பதோடு சரி. அதையே 12 சதுர மீட்டரில் விட்டால் 60 மில்லிமீட்டருக்கும் மேல். வேரடியில் கிடக்கும் உப்பைக் கரைத்துக் கீழே தள்ளும் வலிமை அதற்கு உண்டு. எங்கள் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. ஜூன் முதல் நவம்பர் வரை வரும் நல்ல மழைகளில் சிலவற்றையேனும் இவ்வாறு புல்லுக்குத் திருப்பினால், கோடையில் சேர்ந்த உப்பின் பெரும்பகுதி வேரை விட்டு இறங்கிவிடும். மிகுந்த மழைநீர் உறிஞ்சுகுழிக்குள் செல்கிறது. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியதை அறிவோம். பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று தூர்ந்து கிடக்கிறது. முதலில் அதைத் தூர்வாருங்கள்.

உப்பு நிலத்தில் புல்லைப் பேணுதல்

எங்களைப் போன்ற நிலைமையில் இருப்பவர்களுக்கும் கடலோரத்துச் சகோதரர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில், நாங்கள் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறோம்.

முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதியுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இதைச் செய்து தருகின்றன. வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. வெறும் உப்பா, சோடியம் மிகுந்த உப்பா என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சம் இடலாம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை மண்துகளிலிருந்து விடுவிக்கும். பின்னர் மழைநீர் அதைக் கழுவிச் செல்லும். கழுவுவதற்கு நல்ல நீர் இல்லாத நாளில் ஜிப்சம் இடுவது வீண். ஆகவே மழைக்குச் சற்று முன்பே இடுவது நல்லது.

புல் வகையைத் தேர்ந்தெடுக்கையில் கடைக்காரர் காட்டும் பளபளப்புக்கு மயங்க வேண்டாம். நம் மண்ணில் தானாக வளரும் அறுகம்புல், நெற்பயிர் தாங்கும் உப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தாங்கும். பெர்முடா என்று விற்கப்படும் புல்லும் அறுகின் இனம்தான். கடலோரத்தில் உப்பு மிகக் கடுமையாக இருக்கும் இடங்களில், பாஸ்பாலம் என்ற கடற்கரைப் புல்வகை அறுகையும் விஞ்சும். ஆயினும் அறுகுக்கு வெயில் வேண்டும். அடர்ந்த நிழலில் அது நிற்காது. எங்கள் வேம்பின் கீழ்க்கிளைகளைச் சற்றே கழித்த பிறகுதான் அங்கே பச்சை பிடித்தது.

நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பது உப்பு நிலத்தில் கேடு. மேல்மண் மட்டும் நனைந்து, காய்ந்து, உப்பு மேலேயே தங்கும். உளூ நீரை ஒரு தொட்டியில் சேர்த்து, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, சூரிய உதயத்துக்கு முன்பாகவோ அதையொட்டியோ ஆழமாக நனையும்படி விடுகிறோம். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வருபவருக்கு அந்த வேலை. தொட்டிக்கு மூடி வேண்டும். திறந்த தொட்டி கொசுக்களின் வீடு. நீரை இலையின்மேல் தெளிக்காமல் மண்ணில் விடுங்கள். இலையில் காயும் உப்பு அதை எரித்துவிடும்.

மண் இறுகாதபடி ஆண்டுக்கு இருமுறை முள்கரண்டியால் குத்தித் துளையிட்டு, மக்கிய எருவும் மணலும் கலந்து மெல்லியதாகத் தூவுகிறோம். ஆற்றங்கரை மண் என்று சொல்லி விற்கப்படும் எல்லா மண்ணையும் வாங்கிவிடாதீர்கள். ஆலைக் கழிவுச் சேறு கலந்த மண் நம் பகுதியில் நிரப்பு மண்ணாக வந்துவிடக்கூடும். உரத்தில் மியூரியேட் ஆஃப் பொட்டாஷைத் தவிர்க்கிறோம். அதில் குளோரைடு உண்டு. புல்லை வெட்டும்போது அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டுவதில்லை. கோடையில் சற்று உயரமாகவே விடுகிறோம். அது தன் வேருக்குத் தானே நிழலாகும்.

வீட்டு ஆர்ஓ கருவி கழித்துத் தள்ளும் நீரைப் புல்லுக்கு விடாதீர்கள்; கிணற்றின் உப்பெல்லாம் அதில் திரண்டிருக்கிறது. கழிவறையைக் கழுவ அது பயன்படும். துணி துவைத்த நீரிலும் சோடியம் மிகுதி. ஏசி கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை; அதை வாளியில் பிடித்துப் புல் வாடிய இடத்தில் ஊற்றுங்கள். அரிசி களைந்த நீரும் நல்லது.

மீதி இருந்த 270 சதுர அடியில் கல் பதிக்கவில்லை. திறந்த மண்ணாக விட்டு, உப்பைத் தாங்கும் சப்போட்டாவும் காகிதப்பூவும் வைத்தோம். சப்போட்டாப் பழத்தில் பாதி அணிலுக்கும் கிளிக்கும் போகிறது. நட்டதிலிருந்து பறவையோ விலங்கோ மனிதனோ உண்டால் நட்டவருக்கு அது தர்மமாகும் என்ற நபிமொழியைப் பிள்ளைகள் மதரஸாவில் படித்தார்கள். அதன் பொருளை முற்றத்தில் பார்க்கிறார்கள்.

மதிலுக்கு அப்பால்

நம் முற்றத்தில் 130 சதுர அடியைப் பச்சையாக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியுமா? புல் கருகினால் நமக்கு ஒரு மனக்குறை, அவ்வளவே. ஆற்றோரத்தில் ஒரு விவசாயியின் தென்னை கருகினால் அவர் வீட்டு அடுப்பு அணையும். நமக்கு 37 கிலோ உப்பு என்றால் அவர் நிலத்துக்கு எத்தனை மூட்டைகள்? அவர் அந்த உப்பை உண்டாக்கவும் இல்லை. அதனால் வந்த வளத்தில் பங்கு பெறவும் இல்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் வேலூர்ப் பகுதி மாசு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு சேர்வதையும் அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிப்பதையும் வலியுறுத்தியது. முதல் வழக்குத் தொடுத்து 33 ஆண்டுகளுக்குப் பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்றே பொருள்.

பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஜகாத்தும் ஸதகாவும் பெரிய நற்செயல்கள். ஆனால் பக்கத்து நிலத்தின் கிணற்றைக் கெடுத்த கடனை அவற்றால் ஈடுசெய்துவிட முடியாது. அது அடியார்களின் உரிமை. உரியவரிடம்தான் அதைத் தீர்க்க வேண்டும்.

நம்மில் ஆலை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மேலாளர்களாகவும் கணக்கர்களாகவும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்து முன்னேற்றம் வந்திருப்பது உண்மை. ஆனால் நீரில் கரைந்துவிட்ட உப்பை நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதில்லை. அதைப் பிரிக்க ஆர்ஓ முறையும் ஆவியாக்கும் கலன்களும் வேண்டும். பிரித்த உப்பைப் பத்திரமாக வைக்க இடமும் வேண்டும். செலவு மிகுந்த வேலை. எளிய வழி, உப்பு நீரில் கரைவதற்கு முன்பே அதைத் தடுப்பது. ஊறவைக்கும் முன் பச்சைத்தோலை உதறியும் தூரிகையால் துடைத்தும் உதிரும் உப்பைத் தனியே சேர்ப்பது பழகிய முறைதான். ஒரு தோலையும் விட்டுவிடாமல் அதைச் செய்ய வைப்பது மேற்பார்வை செய்பவரின் அமானிதம். பரிசோதகர் வரும் நாளில் ஒருவிதமாகவும் வராத நாளில் வேறுவிதமாகவும் வால்வைத் திருப்பாமல் இருப்பதும் அமானிதம்தான். அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நம்பிக்கை தொழுகை விரிப்போடு முடிந்துவிடுவதில்லை.

ஆலைகளோடு தொடர்பில்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. நம் மஹல்லாப் பள்ளிவாசல்களில் ஒவ்வொரு வேளையும் எத்தனை பேர் உளூ செய்கிறோம்? ஜும்ஆ நாளில் எத்தனை பேர்? அந்த நீர் முழுவதும் சாக்கடைக்குப் போகிறது. பள்ளிவாசல் வளாகத்தில் நான்கு மரங்களுக்கோ கப்ருஸ்தானின் வேம்புகளுக்கோ அதைத் திருப்புவதற்குச் சில குழாய்களும் ஜமாஅத்தாரின் ஒரு தீர்மானமும் போதும். குழாய்களைச் சற்று இறுக்கி, நீர் மெல்ல வரும்படி செய்வதற்குச் செலவே இல்லை. மாடி மழைநீரைக் கிணற்றுக்குள் இறக்குவதை ஒரு தெருவில் எல்லா வீடுகளும் சேர்ந்து செய்தால், அந்தத் தெருவின் கிணறுகளில் உப்பு சிறிதேனும் இளகும்.

எங்கள் டிடிஎஸ் மீட்டர் வாசற்படி அருகே ஆணியில் தொங்குகிறது. மாதத்தின் முதல் வெள்ளியன்று பிள்ளைகள் கிணற்று நீரை அளந்து நாட்குறிப்பில் எழுதுகிறார்கள். மழைக்குப் பின் எண் இறங்குகிறது. மே மாதத்தில் ஏறுகிறது. அந்த எண் என்றாவது 500க்குக் கீழே வருமா என்று இளையவள் கேட்டாள். உப்பு சேர்வதற்கு இரண்டு தலைமுறைகள் ஆயின. நிறுத்திவிட்டால் மழை அதைக் கழுவத் தொடங்கும், இன்ஷா அல்லாஹ். ஆனால் முதலில் நிறுத்த வேண்டும் என்று சொன்னோம்.

யா அல்லாஹ்! எங்கள் கிணறுகளை நீ இனிமையாக்குவாயாக. எங்கள் தொழிலில் ஹலாலான வளத்தையும், பிறர் நிலத்தைக் கெடுக்காத நேர்மையையும் ஒருசேரத் தருவாயாக. எங்களால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமையை இவ்வுலகிலேயே கொடுத்துத் தீர்க்கும் மனத்தையும் வசதியையும் எங்களுக்கு அருள்வாயாக. ஆமீன்.